வீட்டைத் தூக்கி வரலாம். நிலத்தைத் தூக்கி வர முடியுமா?

(நமது பெங்களூர் நிருபர்)

ரயில்வேக்காரர்களுக்கு நகரும் வீடு புதிதல்ல. தண்டவாள வேலைக்கும் புதுப்பாதை போடும் வேலைக்கும் போகிற ஊழியர்கள் தங்குவதற்கென்றே 'கேம்ப் கோச்' என்ற பெட்டிகள் உண்டு. படுக்கவும் சமைக்கவும் குளிக்கவும் அதற்குள்ளேயே இடம் இருக்கும். வேலை நடக்கும் ஸ்டேஷனில் ஓரப் பாதையில் பெட்டியை நிறுத்திவிடுவார்கள். வேலை முடிந்தால் வீடே கிளம்பிவிடும். ஆனால் பெட்டியை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது பெட்டியை அல்ல, இடத்தை. தண்ணீர் எட்டுமா, சாக்கடை போகுமா, மழையில் சேறாகுமா, ராத்திரியில் ஆள் நடமாட்டம் உண்டா என்பதுதான் கேள்வி.

இதே கேள்விகளை இப்போது நம்மவரில் பலரும் கேட்டாக வேண்டிய காலம் வந்திருக்கிறது. பெங்களூரைச் சுற்றி மாலூர், பங்காருபேட்டை, ஹொசக்கோட்டை, ஆனேக்கல் பக்கங்களில் சிறிய மனைகளில் இரும்பு கேபின் வீடுகளைப் பார்க்கலாம். தொழிற்சாலையில் செய்து, லாரியில் ஏற்றி வந்து, கிரேனில் இறக்கி வைக்கும் வீடுகள் இவை. பழைய கப்பல் கண்டெய்னரை வெட்டி ஜன்னல் வைத்துக் குடியிருப்போரும் உண்டு. வீட்டு வாடகையும் அட்வான்ஸும் சம்பளத்தைத் தின்று தீர்க்கிற ஊரில், செங்கல், சிமெண்டு, கொத்தனார் கூலி எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பார்த்த குமாஸ்தாவுக்கும் தொழிலாளிக்கும் இது ஒரு வழியாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

கேபின் விற்பவர் தகட்டின் கனத்தைச் சொல்வார். உள்பலகையின் தரத்தைச் சொல்வார். "பிடிக்காவிட்டால் வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் சார்" என்றும் சொல்வார். நிலத்தைப் பற்றி மட்டும் சொல்லமாட்டார். அது அவர் சரக்கல்ல. ஆனால் நம் பிராவிடண்ட் பண்ட் பணமும் மனைவியின் சங்கிலியும் போய்ச் சேருவது பெரும்பாலும் அந்த நிலத்தில்தான்.

அமெரிக்கா கற்ற பாடம்

இத்தகைய வீடுகள் பெருவாரியாகப் பரவிய நாடு அமெரிக்கா. சக்கரம் வைத்த வண்டியாகத் தொடங்கி, பிறகு முழு வீடாகவே தொழிற்சாலையில் செய்யப்பட்டது. 1976 முதல் அதற்கென்று மத்திய அரசின் கட்டுமான விதிகளும் உள்ளன. ஆனால் பெயர்தான் நகரும் வீடு. ஒரு தடவை இறக்கி வைத்த வீடுகளில் பெரும்பாலானவை பிறகு நகர்வதே இல்லை. அங்கே பலருக்கு வீடு சொந்தம், நிலம் வாடகை. நில வாடகையை உயர்த்தினால், வீட்டைப் பெயர்த்துப் போகிற செலவுக்குப் பயந்து கேட்டதைக் கொடுத்துவிட்டு இருக்கிறார்கள். வீடு இலேசாக இருப்பதால் குடியிருப்பவன் கைக்குச் சுதந்திரம் வந்துவிடாது என்பதுதான் அந்த நாட்டு அனுபவம். வைக்கிற நிலம் சரியாக இருந்தால்தான் வைத்த வீடு சரி.

முதலில் பாதை

மனையைப் பார்க்குமுன் மனைக்குப் போகும் பாதையைப் பாருங்கள். செங்கல் வீட்டுக்கு வேண்டிய சாமானைச் சின்ன வண்டியில் நாலு நடையாகக் கொண்டு போய்விடலாம். கேபின் வீடு ஒரே நடையில் முழுதாக வரவேண்டும். 20 அடிக் கண்டெய்னர் 8 அடி அகலம், எட்டரை அடி உயரம். காலியாகவே இரண்டு டன்னுக்கு மேல் எடை. லாரி மேல் ஏற்றினால் தரையிலிருந்து ஏறக்குறைய 13 அடி உயரம் வந்துவிடும்.

இப்போது பல இடங்களில் லெவல் கிராசிங்குகளை மூடிவிட்டு, தண்டவாளத்துக்கு அடியில் சுரங்கப் பாதை போட்டிருக்கிறார்கள். அதன் வாயிலில் ஒரு இரும்புத் தடுப்பும், எவ்வளவு உயரம் போகலாம் என்ற பலகையும் இருக்கும். அதைப் படித்துக் கொள்ளுங்கள். மழைக்காலத்தில் அந்தச் சுரங்கத்தில் தண்ணீர் நிற்குமா என்றும் விசாரியுங்கள். தாழத் தொங்கும் மின்கம்பி, புளியமரக் கிளை, லாரி திரும்ப முடியாத முடுக்கு இவற்றில் ஏதாவது ஒன்று போதும், வீடு நடுத்தெருவில் நிற்க. கிரேன் காலை ஊன்றவும் மனையருகே இடம் வேண்டும்.

பாதை யாருடையது என்பதும் முக்கியம். "எல்லாரும் இப்படித்தான் போய் வருகிறோம்" என்பது உரிமையாகாது. கிராம வரைபடத்தில் பாதை காட்டப்பட்டிருக்கிறதா, அல்லது பக்கத்து நிலக்காரர் மனம் வைத்து விட்ட வழியா என்று பார்க்க வேண்டும். மனம் மாறினால் வழி அடைபடும். ரயில் பாதை ஓரத்து மனை என்றால் இன்னொன்றும் உண்டு. ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் கட்டடம் வைக்க ரயில்வேயின் சம்மதம் கேட்பார்கள்.

பிறகு காகிதம்

நம்மவரில் பலருக்குக் கன்னடம் சரளமாகப் பேச வரும், படிக்க வராது. இதுதான் நமது பெரிய பலவீனம். தரகர் காட்டும் காகிதத்தில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம். கன்னடம் படிக்கத் தெரிந்த, விற்பவருக்கு உறவில்லாத ஒருவரிடம் ஒவ்வொரு வரியையும் படித்துச் சொல்லக் கேட்பது மானக்குறைவல்ல. வக்கீலுக்குக் கொடுக்கும் கட்டணமும் வீண் செலவல்ல.

அளவிலேயே குழப்பம் தொடங்கும். நமக்குப் பழக்கம் சென்ட். இங்கே கணக்கு குண்டே. 40 குண்டே ஒரு ஏக்கர். ஒரு குண்டே 1,089 சதுர அடி, அதாவது இரண்டரை சென்ட். வழக்கமான 30க்கு 40 சைட் 1,200 சதுர அடி. "ஒரு குண்டே, ஒரு சைட்டு, எல்லாம் ஒன்றுதான்" என்பவரிடம் 111 சதுர அடி எங்கே போயிற்று என்று கேளுங்கள்.

அடுத்து, அது விவசாய நிலமா, வீட்டு நிலமா? விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்கக் கர்நாடகத்தில் இருந்த தடை 2020-ல் சட்டத் திருத்தத்தால் நீங்கியது. அதை வைத்துக்கொண்டு, "இனி எந்த நிலத்திலும் வீடு வைக்கலாம்" என்று சொல்லும் தரகர்கள் உண்டு. வாங்குவது வேறு, குடியிருப்பாக மாற்றுவது வேறு. 1964-ம் ஆண்டு நில வருவாய்ச் சட்டப்படி விவசாய நிலத்தைக் குடியிருப்புக்கு மாற்றப் பொதுவாக டெபுடி கமிஷனரின் உத்தரவு வேண்டும். 'டி.சி. கன்வர்ஷன்' என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். அது இல்லாமல் துண்டு போட்டு விற்பவைதான் 'ரெவின்யூ சைட்'டுகள்.

"இது தகரப் பெட்டிதானே, கட்டடமா என்ன? அனுமதி எதற்கு?" என்றும் சிலர் கேட்கிறார்கள். கர்நாடகத்தின் நகராட்சி, பஞ்சாயத்துச் சட்டங்களில் கட்டடம் என்ற சொல்லுக்குள் கொட்டகையும் குடிசையும் அடக்கம். 1976-ம் ஆண்டு மாநகராட்சிச் சட்டம் உலோகத்தால் ஆனதையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. ஆகவே அனுமதிக்கு மனுப் போட்டே ஆகவேண்டும்.

பார்க்க வேண்டிய காகிதங்களை வரிசையாகச் சொல்கிறேன். மூலப்பத்திரம் தொடங்கிக் கைமாறிய எல்லாக் கிரயப் பத்திரங்களும் வேண்டும். 30 ஆண்டுக்காவது வில்லங்கச் சான்று வேண்டும். 2004 ஏப்ரல் முதலானவை கணினியில் கிடைக்கும். அதற்கு முந்தியவற்றுக்குச் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் விண்ணப்பிக்க வேண்டும். பஹணியில் நிலத்தின் தன்மையும் உரிமையாளர் பெயரும் இருக்கும். அதில் 'பி கராப்' என்று குறித்திருக்கும் பகுதி பாதை, ஓடை போன்ற பொது உபயோக நிலம். அதை யாரும் விற்க முடியாது. கிராம பஞ்சாயத்துச் சொத்து என்றால் படிவம் 9-ம் 11-ஏயும் கேளுங்கள். 11-பி என்பது முறைப்படி அங்கீகாரம் பெறாத சொத்துக்குரியது. ஒரே எழுத்து வித்தியாசம்தான். ஆனால் பாங்குக் கடன் கேட்டுப் போகும்போது அந்த ஓரெழுத்தின் கனம் தெரியும்.

அரசு தர்மமாகக் கொடுத்த நிலங்களில் தனிக் கவனம் தேவை. பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு அரசு வழங்கிய நிலத்தை அரசின் முன் அனுமதியின்றி வாங்கினால் அந்தக் கிரயம் செல்லாது என்கிறது 1978-ம் ஆண்டுச் சட்டம். பல கை மாறி வந்திருந்தாலும் நிலம் முதல் குடும்பத்துக்கே திரும்பும். ஏழைகளின் நிலம் பறிபோகாமல் காக்க வந்த நியாயமான சட்டம் அது. தெரியாமல் வாங்கினேன் என்பது அதன் முன் நிற்காது.

இன்னொரு பழைய வழக்கம், 'பவர்' எழுதி வாங்கிக்கொண்டு நிலத்தை அனுபவிப்பது. பவர் பத்திரத்தால் நிலத்தின் உரிமை கைமாறாது என்று 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. ரிஜிஸ்தர் ஆன கிரயப் பத்திரம் ஒன்றே உங்களை உரிமையாளராக்கும்.

தண்ணீரும் கழிவும்

கோலார் பக்கம் ஆயிரம் அடிக்கு மேல் தோண்டியும் வறண்டு போன போர்வெல்கள் உண்டு. கிடைக்கிற தண்ணீரிலும் சில இடங்களில் புளோரைடு அதிகம். குடிநீரில் அது லிட்டருக்கு ஒன்றரை மில்லி கிராமுக்கு மேல் இருக்கலாகாது. தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.

தரகரிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்க வேண்டாம். தெருக் குழாயில் குடத்தோடு நிற்கும் பெண்மணியிடம், "அக்கா, தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருது? ஏப்ரல், மே மாசத்தில் என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். உண்மை அங்கே கிடைக்கும்.

கழிவுநீர்க் குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் நடுவே ஐம்பது அறுபது அடியாவது இருக்க வேண்டும். 30க்கு 40 மனையில் மூலைக்கு மூலை அளந்தாலே 50 அடிதான்! ஆகவே இரண்டையும் அதற்குள் வைக்க நினைப்பது ஆபத்து. பஞ்சாயத்துக் குழாயோ பாதாளச் சாக்கடையோ இரண்டில் ஒன்றாவது இல்லாத இடத்தில் சின்ன மனை வாங்குவதை யோசித்துச் செய்யவேண்டும். பக்கத்து வீட்டுக் குழி நம் கிணற்றுக்கு எவ்வளவு தூரம் என்பதையும் மறக்கக் கூடாது.

தரை எப்படி?

மலிவான மனை எதனால் மலிவு? சில சமயம் அது பழைய ஏரியின் வயிறாக இருக்கும். அல்லது ஏரிக்கு ஏரி தண்ணீர் போகும் ராஜகாலுவே ஓரமாக இருக்கும். 2022 செப்டம்பரில் பெங்களூரின் கிழக்குப் பகுதியில் மாளிகைகளே மூழ்கியதை நாம் கண்டோம். இலேசான கேபினை வெள்ளம் அசைத்துவிடும். புதிதாக மண் கொட்டி மேடாக்கிய இடமென்றால் அடியில் என்ன இருந்தது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள்.

செம்மண் தரை நல்லது. கரிமண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அதன் மேல் வைத்த கேபின் ஒரு பக்கம் சாய்ந்து, கதவு மூட மறுக்கும். எந்த மண்ணானாலும் கேபினை வெறுந்தரையில் வைக்கலாகாது. கான்கிரீட் தூண்களின் மேல் ஏற்றி, போல்ட் போட்டு முடுக்க வேண்டும். மாங்காய் மழைக் காலத்துக் காற்று தகரக் கூரையைச் சோதித்துப் பார்க்கும். நீள வாட்டம் கிழக்கு மேற்காக வைக்க இடம் இருந்தால் வெயில் குறைவு. மேற்கே ஒரு வேப்பமரம் இருந்தால் அது காசு கேட்காத மின்விசிறி.

நிலம் வாடகைக்கு என்றால்

நிலம் வாங்க முடியாதவர்கள் வாடகை நிலத்தில் கேபின் வைப்பதும் உண்டு. 11 மாத ஒப்பந்தம்தான் வழக்கம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை ரிஜிஸ்தர் செய்தாக வேண்டும் என்பதால் அப்படி. ஆனால் அடித்தளம் போட்டு, மின் இணைப்பு வாங்கிக் குடியேறும் வீட்டுக்கு 11 மாதம் போதுமா? பல ஆண்டுக் குத்தகையாக எழுதி ரிஜிஸ்தர் செய்வதே நல்லது. கேபின் யாருடைய சொத்து, எடுத்துப் போக எத்தனை நாள் அவகாசம், வாடகை எவ்வளவு உயரலாம் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

மூன்று தடவை பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தரகரின் காரில் போய்ப் பார்த்த நிலம் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். நல்ல மழை பெய்த மறுநாள் ஒரு தடவை போங்கள். கோடையில் ஒரு தடவை போங்கள். வேலை நாளில், ஆபீஸ் விட்டு, கடைசி ரயிலில் இறங்கி இருட்டில் நடந்து ஒரு தடவை போங்கள். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்ட பின் தங்கவயல் தமிழர்கள் மாரிகுப்பம் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வந்து போவது எல்லாரும் அறிந்தது. தூரத்தின் விலை என்ன என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். தினம் போக வர நாலு மணி நேரம் என்றால், மனையில் மிச்சமான பணத்தை உடம்பிலிருந்து கொடுக்கிறோம் என்று பொருள்.

தரகர் அவசரப்படுத்தினால் அவசரப்படாதீர்கள். "நாளைக்கு வேறு ஆள் வருகிறார்" என்பது எல்லாத் தரகரும் சொல்வது. வந்தால் வரட்டும். கேபின் பழுதானால் பற்றவைக்கலாம், பிடிக்காவிட்டால் விற்றுவிடலாம். தப்பான நிலத்தில் போட்ட பணமோ கோர்ட்டிலும் கச்சேரியிலும் நம் பிள்ளைகள் காலம் வரை அலையும். முதலில் நிலத்தை உறுதி செய்யுங்கள். கேபினுக்கு அதற்குப் பிறகு ஆர்டர் கொடுத்தால் போதும்.