மாதிரி நீராவி என்ஜினைத் தேர்ந்தெடுத்தல்

மாதிரி நீராவி என்ஜின் என்பது உண்மையான ரயில் என்ஜினைக் குறிப்பிட்ட விகிதத்தில் சிறிதாக்கிச் செய்யப்படும் உருவம் ஆகும். சேகரிப்புக்கு என்ஜினைத் தேர்ந்தெடுக்கும்போது விலையையும் தோற்றத்தையும் விட, அது எந்தப் பாதையில் ஓடிய என்ஜின் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

பாதையின் அகலம்

தருமபுரி மாவட்டத்தில் உள்ள பொம்மிடி ரயில் நிலையம் ஜோலார்பேட்டை–சேலம் அகலப் பாதையில் அமைந்துள்ளது. இதன் தண்டவாள இடைவெளி 1,676 மி.மீ. அருகிலுள்ள மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 762 மி.மீ. குறுகிய பாதை இருந்தது. நீலகிரி மலை ரயில் 1,000 மி.மீ. மீட்டர் பாதையில் ஓடுகிறது. ஒவ்வொரு பாதைக்கும் தனி என்ஜின்கள் தேவை. ஒன்றுக்குரியது மற்றொன்றில் ஓடாது.

விகிதம்

உலகில் அதிகம் புழங்கும் எச்.ஓ. விகிதம் 1:87 ஆகும். இதன் தண்டவாள இடைவெளியான 16.5 மி.மீ., மேலைநாடுகளின் 1,435 மி.மீ. பாதையைக் குறிக்கிறது. இந்திய அகலப் பாதையை இதே விகிதத்தில் சுருக்கினால் 19.3 மி.மீ. வரும். எனவே 16.5 மி.மீ. தண்டவாளத்தில் நிற்கும் இந்திய என்ஜினின் சக்கரங்கள் உடலுக்குள் ஒடுங்கித் தெரியும். சேகரிப்பாளர் இக்குறையை ஏற்க வேண்டும். அல்லது தண்டவாளத்தையும் அச்சுகளையும் தனியாகச் செய்துகொள்ள வேண்டும். மீட்டர் பாதைக்கு இச்சிக்கல் குறைவு. அதன் கணக்கு 11.5 மி.மீ.; 12 மி.மீ. தண்டவாளம் கடைகளில் கிடைக்கிறது.

அகலப் பாதை என்ஜின்கள்

பயணிகள் வண்டிக்கு டபிள்யூ.பி., சரக்கு வண்டிக்கு டபிள்யூ.ஜி. ஆகியவை பெயர் பெற்றவை. முதல் 16 டபிள்யூ.பி. என்ஜின்கள் 1947-இல் அமெரிக்காவின் பால்ட்வின் நிறுவனத்திலிருந்து வந்தன. குண்டு வடிவ முகப்பும் அதன் நடுவிலுள்ள நட்சத்திரமும் இதன் அடையாளம். சக்கர அமைப்பு 4-6-2: முன்னே 4 சிறு சக்கரங்கள், நடுவில் 6 இயக்கு சக்கரங்கள், பின்னே 2 சக்கரங்கள். டபிள்யூ.ஜி.யின் அமைப்பு 2-8-2.

சரிபார்க்க வேண்டியவை

* சக்கர அளவு: டபிள்யூ.பி.யின் இயக்கு சக்கர விட்டம் சுமார் 1.7 மீட்டர். எச்.ஓ. மாதிரியில் அது ஏறக்குறைய 19.5 மி.மீ. இருக்க வேண்டும். அளவுகோல் வைத்தே இதைக் கண்டறியலாம்.
* இணைப்புத் தண்டுகள்: சக்கரங்கள் சுழலும்போது இவை தடையின்றி அசைய வேண்டும். ஒரே அச்சில் வார்த்து ஒட்டியவை ஓடும் மாதிரிக்கு உதவா.
* எடை: உடல் முழுவதும் பிளாஸ்டிக்காக இருந்து உள்ளே எடை வைக்கப்படாவிட்டால், பெட்டிகளை இழுக்கும்போது சக்கரம் வழுக்கும்.
* வளைவு: நீண்ட என்ஜின் கூர்மையான வளைவில் தடம் புரளும். வீட்டில் உள்ள இடத்தை அளந்த பிறகே வாங்க வேண்டும்.
* வண்ணமும் எண்ணும்: வெளிநாட்டு என்ஜினுக்கு இந்திய வண்ணம் பூசி விற்பதும் உண்டு. முகப்பு, சக்கர எண்ணிக்கை, நிலக்கரித் தொட்டி ஆகியவற்றைப் பழைய ஒளிப்படத்துடன் ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும்.

சென்னை பெரம்பூர் அருகிலும் மைசூரிலும் உள்ள ரயில் அருங்காட்சியகங்களில் பழைய நீராவி என்ஜின்களை நேரில் காணலாம். ஒருமுறை நேரில் பார்த்தவருக்கு மாதிரியில் எது விடுபட்டுள்ளது என்பது எளிதில் புலப்படும்.