டீச்சரம்மாவிடம் கொடுத்து வைத்த காசு
மனசுக்குக் கடிவாளம் – 7

1984-இல் நான் ஐந்தாம் வகுப்பு. மயிலாப்பூரில், முண்டகக்கண்ணியம்மன் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் குடியிருந்தோம். தெருப் பிள்ளைகள் ஏழு பேரை ஒரே சைக்கிள் ரிக்‌ஷாவில் அடைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய், சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து இறக்குவார் ஒருவர். கடைசியாக இறங்குவது நான். என் அம்மா பள்ளி ஆசிரியை. நான் இறங்கியதும் ரிக்‌ஷாக்காரர் தன் இடுப்பிலிருந்த பச்சை பெல்ட்டைத் திறந்து, அன்றைய சில்லறையைத் திண்ணையில் கொட்டி எண்ணுவார். அதில் எட்டோ பத்தோ ரூபாயைத் தனியாக ஒதுக்கி அம்மாவிடம் நீட்டுவார்.

"டீச்சரம்மா, இத வெச்சுக்கங்க. நைட்டு வந்து கேப்பேன். குடுக்காதீங்க. என்ன சொன்னாலும் குடுக்காதீங்க."

அம்மா அதை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு அலமாரியில் வைப்பாள். மாசப் பிறப்பன்று அவர் மனைவி வந்து வாங்கிப் போவார்.

ராத்திரி ஒன்பது மணிக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்கும். அவரேதான். "என் காசுதானேம்மா, குடுங்க." அம்மா ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, "காலையில வாங்க, தரேன்" என்பாள். சில நாள் கெஞ்சுவார், சில நாள் அழுவார், சில நாள் காது கூசும்படி பேசுவார். காலை எட்டு மணிக்கு நெற்றி நிறையத் திருநீறோடு வந்து மணி அடிப்பார். ராத்திரி கேட்ட காசைக் காலையில் ஒரு நாளும் கேட்டதில்லை.

நாலு மணிக்காரர், ஒன்பது மணிக்காரர், இந்த இருவரில் யார் நிஜம் என்று அந்த வயதில் எனக்குப் பெரிய குழப்பம். தெருவில் எல்லோரும் சொன்ன விடை ஒன்றுதான்: "குடிகாரன், மனசுல உறுதி கிடையாது." அது தப்பான விடை என்று எனக்கு ஆதாரத்தோடு புரிய 35 வருஷம் ஆயிற்று. ஆதாரம் கிடைத்ததும் இதே ஊரில், இதே தொழில் செய்தவர்களிடம்.

எம்.ஐ.டி.யில் பணியாற்றும் ஃப்ராங்க் ஷில்பாக் என்ற பொருளாதார அறிஞர், சென்னையின் சைக்கிள் ரிக்‌ஷாத் தொழிலாளர்கள் 229 பேரிடம் மூன்று வாரம் ஓர் ஆய்வு நடத்தினார். 2019-இல் அது 'அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ' இதழில் வந்தது. அவர்கள் தினமும் சாயங்காலம் ஆய்வு அலுவலகத்துக்கு வந்து, போலீஸ்காரர் ஊதச் சொல்வது போன்ற கருவியில் ஊத வேண்டும். ஒரு பிரிவினருக்கு, ஊதினால் எப்படி இருந்தாலும் சம்பளம் உண்டு. இன்னொரு பிரிவினருக்கு, குடிக்காமல் வந்தால் 120 ரூபாய், குடித்துவிட்டு வந்தால் 60. அங்கேயே ஆளுக்கொரு சேமிப்புப் பெட்டியும் இருந்தது.

மூன்றாவது பிரிவினரிடம்தான் விஷயமே இருக்கிறது. எந்த வகைச் சம்பளம் வேண்டும் என்று அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். நிபந்தனையில்லாத பணத்தை எடுத்துக்கொள்வதுதான் லாபம் என்று கணக்குத் தெரிந்த யாரும் சொல்வார்கள். ஆனால் பெரும்பாலானவர்கள், கையில் வரக்கூடிய பணத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, 'குடித்தால் பிடித்துக்கொள்ளுங்கள்' என்ற நிபந்தனையைக் கேட்டு வாங்கினார்கள். தங்கள் காசைக் கொடுத்துத் தங்களுக்கே ஒரு பூட்டு வாங்கினார்கள். எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்ததும் இதுதான். மனசில் உறுதி இல்லாதவன் இதைச் செய்ய மாட்டான். தன் பலவீனம் எத்தனை மணிக்கு வரும் என்று துல்லியமாகத் தெரிந்தவன்தான் செய்வான்.

ஆய்வின் முடிவுகளும் கவனிக்க வேண்டியவை. நிபந்தனைச் சம்பளம் வாங்கியவர்களின் மொத்தக் குடி பெரிதாகக் குறையவில்லை. பகல் குடிதான் குறைந்தது. உழைப்போ வருமானமோ குறிப்பிடும்படி மாறவில்லை. ஆனால் சேமிப்பு 50 சதவீதம் கூடியது. குடிக்காததால் மிச்சமான காசு மட்டும் இதற்குக் காரணமாகத் தெரியவில்லை. காசு கையில் இருக்கும் நேரத்தில் தலை தெளிவாக இருந்தது, நாளையைப் பற்றிய நினைப்புக்கு இடம் கிடைத்தது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

அந்த ஒன்பது மணி மூளைக்குள் என்ன நடக்கிறது? மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த கேள்வி இது. டோபமைன் என்றால் இன்பம் என்று பலரும் எழுதுகிறார்கள். அவர் கண்டது வேறு. டோபமைன் ஏறக்குறைய இல்லாமல் செய்யப்பட்ட எலியின் வாயில் சர்க்கரைத் தண்ணீரை விட்டால் ருசித்து நக்குகிறது, ஆனால் தானாகத் தேடிப் போவதில்லை. ஆக, ருசி வேறு, வேட்கை வேறு. டோபமைன் ஓட்டுவது வேட்கையை. போதைப் பழக்கத்தில் ருசி வளர்வதில்லை, குறையவும் செய்யலாம். வேட்கை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. அதுவும் சும்மா ஏறாது. அந்த நேரம், அந்த முனை, கூடக் குடிக்கும் அந்த ஆளின் முகம் என்று ஒவ்வொன்றும் அதைத் தட்டி எழுப்பும். மறுபக்கம், நாளைக்கான கணக்கைப் போடுவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை. முதல் கிளாஸ் அதைத்தான் மந்தமாக்குகிறது. எஞ்சின் முறுக்கேறும்போதே பிரேக்கும் தேய்ந்துபோகிறது. அந்த நேரத்தில் ஒரு மனிதனிடம் "கட்டுப்பாடா இரு" என்று சொல்வதில் என்ன பயன்?

இதில் தூக்கமும் சேர்கிறது. "உடம்பு வலிம்மா, போட்டாத்தான் தூக்கம் வருது" என்பார் எங்கள் ரிக்‌ஷாக்காரர். ஷில்பாக்கும் சகாக்களும் சென்னையில் 452 பேரை வைத்துச் செய்த இன்னோர் ஆய்வு 2021-இல் வெளியானது. இரவில் எட்டு மணி நேரம் படுக்கையில் இருப்பவர்கள் உண்மையில் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான். புழுக்கம், கொசு, தெருச் சத்தம். வேலையிடத்திலேயே மத்தியானம் அரை மணி நேரம் படுக்க இடம் கொடுத்தபோது வேலைத் திறனும் மனநிலையும் தேறின. நடைபாதையில் ரிக்‌ஷாவிலேயே சுருண்டு படுத்தவருக்கு அந்த அரை மணியை யார் கொடுத்தார்கள்?

தெருவில் சொன்ன அந்த 'உறுதி'க்கு வருவோம். மனவுறுதி என்பது தொட்டித் தண்ணீர் மாதிரி, பிடிக்கப் பிடிக்கத் தீர்ந்துபோகும் என்று 1998-இல் உளவியலாளர் ராய் பாமைஸ்டர் சொன்னது உலகமெங்கும் பரவியது. 2016-இல் 23 ஆய்வுக்கூடங்கள் இரண்டாயிரத்துக்கும் அதிகமானவர்களிடம் சோதித்தபோது அப்படி ஒன்றும் பிடிபடவில்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 2012-இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஹோஃப்மன் குழு 205 பேரிடம் கண்டது. சுயகட்டுப்பாடு மிக்கவர்கள் என்று தெரியவந்தவர்கள் ஆசையோடு அதிகம் மல்லுக்கட்டுகிறவர்கள் இல்லை. அவர்களுக்கு மல்லுக்கட்ட வேண்டிய நிலையே குறைவாகத்தான் வந்தது.

ஆசை வருமுன்பே பூட்டுப் போடும் இந்த ரகசியம் நம் ஊர் நடுத்தர வர்க்கத்துக்குப் பழசு. 1872-இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் பண்டில் பாட்டி கட்டிய பணம் என்ன? தி.நகர் உஸ்மான் ரோட்டில் நகைக் கடைக்குக் கடை இருக்கும் 11 மாதச் சீட்டு என்ன? கைக்கு வருமுன்பே சம்பளத்தில் பிடிக்கும் பி.எஃப். என்ன? எல்லாம் பூட்டுதான். அவற்றைப் போட்டுக்கொண்டவனை நாம் பொறுப்பானவன் என்கிறோம். ரிக்‌ஷாக்காரருக்கு அப்படி ஒரு பூட்டும் கிடைக்கவில்லை. ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் கிடைத்தது. அவரைத்தான் உறுதியில்லாதவர் என்றோம். இந்த அநியாயம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

குடி வசதியான வீட்டையும் விடாது. மத்திய நிதியமைச்சராக இருந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரியின் பேரன் ரங்கநாதன் குடியால் இறந்தார். மனைவி சாந்தி ரங்கநாதன் அந்தத் துக்கத்தோடு வீட்டுக்குள் முடங்கவில்லை. அமெரிக்கா போய்ப் பயிற்சி பெற்றுவந்து, 1980-இல் கணவர் பெயரில் ஒரு சிகிச்சை அமைப்பைத் தொடங்கினார். அடையாறு இந்திரா நகரில் இருக்கும் டி.டி.கே. மருத்துவமனை அதுதான். குடி ஒழுக்கக்கேடு இல்லை, நோய் என்று இந்த ஊரில் உரக்கச் சொன்னவர்களில் அவர் முதன்மையானவர். 1992-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. குடிப்பவரோடு குடும்பத்துக்கும் சேர்த்துச் சிகிச்சை தருவது அங்கே முறை. பூட்டின் சாவி பெரும்பாலும் குடும்பத்தார் கையில்தானே இருக்கிறது.

மருந்திலும் ஒரு பூட்டு உண்டு. 1940-களின் கடைசியில் டென்மார்க்கில் குடிக்கு மருந்தாகக் கண்டறிந்த டைசல்ஃபிரம் மாத்திரை. காலையில் விழுங்கிவிட்டால், பிறகு குடிக்கும் சாராயம் உடம்பில் முழுதாகச் சிதையாமல் நச்சாகத் தேங்கும். முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். காலை மனிதன் சாயங்கால மனிதனுக்குப் போடும் கட்டு அது. ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில், காபியில் கலந்து கொடுத்துவிடாதீர்கள். விஷயம் தெரியாமல் அவர் குடித்தால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் சொல்லி, அவரே சம்மதித்து, எதிரில் நின்று விழுங்க வேண்டிய மாத்திரை.

ஹார்லிக்ஸ் பாட்டில் ஒரே ஒரு தடவைதான் ராத்திரியில் திறந்தது. நல்ல மழை. அம்மாவுக்குக் காய்ச்சல். வெளியே ரிக்‌ஷாக்காரர் நனைந்துகொண்டு கத்திக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரர் மாடியிலிருந்து, "அவன் காச அவன்கிட்டயே குடுத்துத் தொலைங்களேன்" என்றார். அம்மா எழுந்து போய்ப் பாட்டிலைக் கவிழ்த்து, ஜன்னல் கம்பி வழியாக எல்லாவற்றையும் நீட்டினாள். மூன்று வாரக் காசு.

மறுநாள் ரிக்‌ஷா வரவில்லை. அதற்கு அடுத்த நாள் வந்தார். என்னை ஏற்றாமல் திண்ணையில் உட்கார்ந்தார்.

"ஏன் டீச்சரம்மா குடுத்தீங்க?"

அம்மா பதில் சொல்லவில்லை. உள்ளே போய்ப் பாட்டிலைக் கழுவித் துடைத்து, வெயில் படும்படி ஜன்னலில் கவிழ்த்து வைத்தாள். அன்று சாயங்காலம் அவர் எட்டு ரூபாய் கொடுத்தார்.

(தொடரும்)