உயிர் காக்கும் சிறு கையேடு

பள்ளியின் கற்றல் பயணமாக ஜப்பான் செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், மருத்துவமனையின் நவீனக் கருவிகளைப் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். ஒரு மருந்துக் கடையையும் கவனியுங்கள். அங்கு பலர் மருந்துச் சீட்டுடன் ஒரு சிறு கையேட்டையும் நீட்டுவதைப் பார்ப்பீர்கள். அதன் பெயர் 'ஒகுசுரி தெச்சோ'. மருந்துக் கையேடு என்று பொருள்.

ஜப்பானில் 1961ஆம் ஆண்டிலிருந்து எல்லாருக்கும் மருத்துவக் காப்புறுதி உண்டு. பெரும்பாலோர் கட்டணத்தில் 30 விழுக்காட்டை மட்டும் செலுத்துகின்றனர். விரும்பிய மருந்தகத்துக்கும் செல்லலாம். இது பெரிய வசதி. ஆனால், ஒருவர் மூன்று மருத்துவர்களிடம் சென்றால், ஒருவர் கொடுத்த மருந்து மற்றவருக்குத் தெரியாமல் போகலாம்.

அதனால் என்ன ஆகும்?

1993ல் அங்கு அக்கி நோய்க்கு 'சோரிவுடின்' என்ற புதிய மருந்து விற்பனைக்கு வந்தது. ஏற்கெனவே ஒருவகைப் புற்றுநோய் மருந்து உட்கொண்டவர்களில் சிலர் அதையும் சேர்த்துச் சாப்பிட்டனர். 15 பேர் உயிரிழந்தனர்.

காரணம் இதுதான்: குடலில் வாழும் நுண்ணுயிர்கள் சோரிவுடினை வேறொரு பொருளாக மாற்றுகின்றன. அந்தப் பொருள், புற்றுநோய் மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை முடக்கிவிடுகிறது. வெளியேற வேண்டிய மருந்து இரத்தத்தில் தேங்கி நஞ்சாகிறது. புதிய இரத்த அணுக்கள் உருவாவதும் தடைபடுகிறது.

நோயாளியின் கையிலேயே மருந்துப் பட்டியல் இருக்க வேண்டும் என்ற எண்ணம் இதன்பின் வலுப்பெற்றது. கையேட்டில் மருந்தின் பெயர், அளவு, தேதி, ஒவ்வாமை ஆகியவை பதிவாகின்றன. மருந்தாளர் அதைப் பார்த்து, சேரக்கூடாத மருந்துகள் உள்ளனவா என்று சரிபார்க்கிறார்.

2011 மார்ச் 11 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது பல மருந்தகங்களின் பதிவுகள் அழிந்தன. கையேட்டை எடுத்து வந்தவர்களுக்கு, வழக்கமான மருந்தைத் தொடர்ந்து கொடுப்பது எளிதாக இருந்தது. இப்போது கைப்பேசிச் செயலியாகவும் இக்கையேடு கிடைக்கிறது.

சிங்கப்பூரில் தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவு முறை உள்ளது. இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மின்சாரம் இல்லாதபோது எது உதவும்? கையேடு தொலைந்துவிட்டால் எது கைகொடுக்கும்? பயணத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

அதற்கு முன், இந்த வாரமே ஒன்று செய்யலாம். உங்கள் தாத்தா பாட்டி உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். சத்து மாத்திரைகளையும் நாட்டு மருந்துகளையும் விட்டுவிடாதீர்கள். அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குச் செல்லும்போது, அந்தத் தாளை மருந்தாளரிடம் காட்டச் சொல்லுங்கள்.