பணம் இப்போது எங்கே நிற்கிறது?

கொச்சியில் தேவராவிலிருந்து மட்டாஞ்சேரிக்குச் செல்ல வேண்டுமானால் வெண்டுருத்திப் பாலம், வில்லிங்டன் தீவு, தோப்பும்படி என்று காயலைக் கடந்து போக வேண்டும். தேவராவில் சிற்றுண்டிச் சாலை நடத்தும் ஒருவர், மட்டாஞ்சேரி மிளகு வணிகருக்குத் தர வேண்டிய 4,500 ரூபாயைக் கைப்பேசி வழியாகச் செலுத்துகிறார் என வைத்துக்கொள்வோம். சில நொடிகளில் பணம் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் என்றாவது ஒரு நாள், கணக்கில் பணம் கழிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்த பின்னரும், வணிகரின் கடையிலுள்ள சவுண்ட் பாக்ஸ் பேசாமலே இருந்துவிடலாம். செலுத்தியவரிடமும் பணம் இல்லை. பெற வேண்டியவரிடமும் இல்லை. அப்படியென்றால் அந்தப் பணம் இப்போது எங்கே நிற்கிறது?

வாடிக்கையாளர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. பணம் காணாமற்போகவில்லை, வெவ்வேறு இடங்களிலுள்ள கணக்கேடுகள் இன்னும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பதே இதற்கான விடை. அந்த ஏடுகளை இரவும் பகலும் கண்காணிப்பது எப்படி, அதில் நம் பங்கு என்ன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஓர் ஏடு பல ஏடுகளான கதை

மட்டாஞ்சேரி யூதத் தெருவில் இந்திய மிளகு மற்றும் நறுமணப் பொருள் வணிகச் சங்கம் 1957 முதல் மிளகு முன்பேர வணிகத்தை நடத்திவந்தது. வணிகர்கள் ஒரே கூடத்தில் கூடி, உரக்கக் கூவி விலை பேசிய காலம் அது. கூடத்தில் இருந்த அனைவர் காதிலும் ஒரே விலை, ஒரே நேரத்தில் விழுந்தது. ஐயம் எழுந்தால் அங்கேயே கேட்டுத் தெளியலாம். வங்கிக் கிளையின் பேரேடும் அப்படித்தான் இருந்தது. வாடிக்கையாளரின் இருப்பு எவ்வளவு என்பதற்கு அந்தக் கிளையின் ஏடே சான்று.

டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழுக்கள் 1984, 1989 ஆம் ஆண்டுகளில் அளித்த அறிக்கைகள் வங்கிகள் கணினிமயமாக வழிவகுத்தன. பின்னர் வந்த கோர் பேங்கிங் முறையில் கிளை ஏடுகள் ஒரு பொதுத் தரவுத்தளத்தில் இணைந்தன. ஒரு கிளையின் வாடிக்கையாளர் என்ற நிலை மாறி, வங்கியின் வாடிக்கையாளர் என்ற நிலை உருவானது.

ஆனால் எல்லாக் கணக்குகளையும் ஒரே கணினியில் வைத்திருப்பது ஆபத்து. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொச்சி விமான நிலையமே இரண்டு வாரம் மூடப்பட்டுக் கிடந்தது. கிளைக்குள் தண்ணீர் புகுந்தாலும், வாடிக்கையாளரின் இருப்பு வேறு ஊரிலுள்ள தரவு மையத்தில் பத்திரமாக இருக்கும். அந்தத் தரவு மையத்துக்கே இடர் வந்தால்? அதற்காகத்தான் அதன் பிரதி, தொலைவிலுள்ள மற்றொரு நகரத்தின் பேரிடர் மீட்பு மையத்தில் பராமரிக்கப்படுகிறது. இவ்வாறு பல கணினிகளிலும் பல ஊர்களிலும் பரவியிருந்து, ஒரே ஏடு போலச் செயல்படுவதைப் பரவல் தரவுத்தளம் என்கிறோம்.

யு.பி.ஐ. வழியே பணம் செல்லும்போது பரவல் மேலும் விரிகிறது. செலுத்துபவரின் செயலி கட்டளையை அனுப்புகிறது, இந்திய தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் (என்.பி.சி.ஐ.) அதைச் செலுத்துபவரின் வங்கிக்கு அனுப்பிப் பணத்தைக் கழிக்கச் சொல்கிறது, பிறகு பெறுபவரின் வங்கிக்குச் சொல்லி வரவு வைக்கச் செய்கிறது, இறுதியில் இரு பக்கமும் உறுதிச் செய்தி போகிறது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனத் தரவுத்தளம் வைத்திருக்கிறது. கழித்த செய்தி ஓர் ஏட்டில் ஏறி, வரவு வைத்த செய்தி திரும்பி வராமல் நிற்கும் இடைவெளியில்தான் அந்த 4,500 ரூபாய் நிற்கிறது.

கண்காணிப்புப் பலகை காட்டுவது என்ன?

பரவல் தரவுத்தளத்தைப் பராமரிப்போர் ஒவ்வொரு கணினியாகச் சென்று பார்ப்பதில்லை. பிரவுசரில் திறக்கும் ஒரு வலைப்பக்கத்தில், அதாவது டாஷ்போர்டு எனப்படும் கண்காணிப்புப் பலகையில், எல்லாக் கணினிகளின் நிலையும் வரைபடங்களாக ஓடிக்கொண்டிருக்கும். ஆரக்கிள் போன்ற நிறுவனங்கள் தம் தரவுத்தளங்களுக்கென இத்தகைய கருவிகளைத் தருகின்றன. பிரோமீதியஸ், கிராஃபானா போன்ற திறந்த மூலக் கருவிகளும் உலகெங்கும் பயன்படுகின்றன.

அந்தப் பலகையில் முதன்மையாகப் பார்க்கப்படுபவை நான்கு. முதலாவது, பிரதித் தாமதம்: முதன்மைத் தரவுத்தளத்தில் எழுதப்பட்டது, தொலைவிலுள்ள பிரதியில் எத்தனை நொடி கழித்து ஏறுகிறது என்பது. இரண்டாவது, மறுமொழி நேரம்: இருப்பைக் கேட்டால் எவ்வளவு விரைவில் விடை வருகிறது என்பது. மூன்றாவது, வரிசை: விடைக்காகக் காத்திருக்கும் கட்டளைகள் எத்தனை என்பது. நான்காவது, நூற்றில் எத்தனை பரிவர்த்தனைகள் தோல்வியுறுகின்றன என்பது. இவற்றுள் ஒன்று வரம்பு மீறினாலும் பொறுப்பாளரின் கைப்பேசிக்கு எச்சரிக்கை போகும்.

2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் சேவையும், 2020 டிசம்பர் 14 முதல் ஆர்.டி.ஜி.எஸ். சேவையும் நாள் முழுவதும் இயங்குகின்றன. முன்பெல்லாம் மாலையில் கணக்கை முடித்து, இரவில் பிழை திருத்த நேரம் இருந்தது. இன்று அந்த இரவு இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் சக்கரத்தை ஓட்டத்திலேயே மாற்றுவது போன்ற வேலை இது.

உலகம் கற்ற இரு பாடங்கள்

பலகை இருந்தால் மட்டும் போதுமா என்பதற்கு, மென்பொருள் உலகில் நிகழ்ந்த இரண்டு சம்பவங்கள் விடை தருகின்றன. இரண்டையும் அந்தந்த நிறுவனங்களே ஒளிவுமறைவின்றி வெளியிட்டன.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் பிரதித் தாமதம் கட்டுக்கடங்காமல் போனது. அதைச் சரிசெய்ய முயன்ற பொறியாளர் ஒருவர், பிரதியில் இருப்பதாக எண்ணி முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகளை நீக்கிவிட்டார். சுமார் 300 ஜிகாபைட் தரவில் எஞ்சியது 4.5 ஜிகாபைட் மட்டுமே. காப்புப் பிரதியை எடுக்கச் சென்றபோதுதான் மற்றொரு அதிர்ச்சி காத்திருந்தது. அன்றாடக் காப்புப் பிரதி எடுக்கும் பணி ஏற்கெனவே தோல்வியடைந்து வந்திருந்தது. அதைத் தெரிவிக்கும் எச்சரிக்கை மின்னஞ்சல்களோ அஞ்சல் வழங்கியால் நிராகரிக்கப்பட்டு, யாரையும் எட்டாமலே போயிருந்தன. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு பிரதி கைகொடுத்தது. அந்த ஆறு மணி நேரத் தரவு மட்டும் மீளவில்லை. எச்சரிக்கை ஏதும் வரவில்லை என்பதாலேயே எல்லாம் நலம் என்று கொள்ளலாகாது; எச்சரிக்கும் கருவி விழித்திருக்கிறதா என்பதையும் சோதிக்க வேண்டும்.

2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப் நிறுவனத்தின் அமெரிக்கக் கிழக்குக் கரை வலைப்பின்னலில் 43 நொடிகள் மட்டும் இணைப்பு அறுந்தது. கிழக்கில் உள்ள முதன்மைத் தரவுத்தளம் செயலிழந்துவிட்டதாகக் கருதிய தானியங்கி மென்பொருள், மேற்குக் கரையிலுள்ள பிரதியை முதன்மையாக உயர்த்திவிட்டது. இணைப்பு மீண்டபோது, மற்றதில் இல்லாத பதிவுகள் இரண்டு கரைகளிலும் இருந்தன. எந்த ஏடு சரி? அவசரப்பட்டு ஒன்றை அழித்திருந்தால் சேவை விரைவில் மீண்டிருக்கும். பயனாளர்களின் பதிவுகள் போயிருக்கும். நிறுவனம் பதிவுகளைக் காப்பதையே தேர்ந்தெடுத்தது. சேவை முழுமையாகச் சீரடைய 24 மணி 11 நிமிடம் ஆனது.

வங்கித் துறையிலும் இதே நெறிதான். இரு ஏடுகள் முரண்படும்போது, தாமதமானாலும் சரியான விடையைச் சொல்வதே வைப்பாளருக்குச் செய்யும் நேர்மை. ‘பரிவர்த்தனை நிலுவையில் உள்ளது’ என்று திரையில் தோன்றும் வாசகம் எரிச்சலூட்டலாம். ஆயினும், உறுதியாகத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொல்லாமல் இருப்பதன் அடையாளம் அது.

கேட்டுக் கேட்டே களைத்த அமைப்பு

நம் நாட்டில் 2025 ஏப்ரல் 12 அன்று நிகழ்ந்தது, கண்காணிப்பின் மற்றொரு முகத்தைக் காட்டியது. அன்று யு.பி.ஐ. சேவை பல மணி நேரம் தடுமாறியது. சில வங்கிகளின் அமைப்புகள், ‘இந்தப் பரிவர்த்தனை முடிந்ததா?’ என்ற நிலையறியும் வினாவை வெள்ளமென அனுப்பியதே காரணம் என்று என்.பி.சி.ஐ.யின் ஆய்வில் தெரியவந்தது. பணம் செலுத்தும் கட்டளைகளுக்கு விடை தர வேண்டிய அமைப்பு, வினாக்களுக்கு விடை சொல்லியே களைத்துப்போனது.

இதன் பின்னர் என்.பி.சி.ஐ. புதிய வரம்புகளை விதித்தது. ஒரு பரிவர்த்தனையின் நிலையை உடனுக்குடன் கேட்கக் கூடாது. இடைவெளி விட்டு, இரண்டு மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேற்படாமல் கேட்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 1 முதல், வாடிக்கையாளர் ஒரு செயலியில் நாளொன்றுக்கு 50 முறை மட்டுமே இருப்பைப் பார்க்க இயலும். அந்த ஆகஸ்ட் மாதத்திலேயே யு.பி.ஐ. பரிவர்த்தனைகளின் எண்ணிக்கை முதன்முறையாக 2,000 கோடியைத் தாண்டியது என்பதை நினைத்துப் பார்த்தால், இவ்வரம்புகளின் தேவை விளங்கும். நோயாளியின் நாடியைப் பார்ப்பது நல்லது. நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்பிப் பார்த்தால் அவர் உறங்குவது எப்போது?

நாமும் பார்க்கக்கூடிய பலகை

வங்கியின் உள் கண்காணிப்புப் பலகையை வாடிக்கையாளர் பார்க்க இயலாது, பார்க்கவும் கூடாது. ஆனால் அதன் சாரம் பொதுவெளியில் கிடைக்கிறது. என்.பி.சி.ஐ. தன் வலைத்தளத்தில் மாதந்தோறும் யு.பி.ஐ. புள்ளிவிவரங்களை வங்கி வாரியாக வெளியிடுகிறது. அதில் தோல்விகள் இரு வகையாகப் பிரிக்கப்பட்டிருக்கும். தவறான பின் எண், போதிய இருப்பின்மை, வரம்பு மீறல் போன்றவற்றால் வருவது வணிகக் காரண நிராகரிப்பு. வங்கியின் அல்லது வலைப்பின்னலின் கோளாறால் வருவது தொழில்நுட்ப நிராகரிப்பு. ஒரு வங்கியின் தரவுத்தளம் எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்பதை அறிய இரண்டாவது எண்ணைப் பார்க்க வேண்டும். அது மாதாமாதம் குறைந்து வருகிறதா என்று கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. எம் வங்கியையும் சேர்த்தே சொல்கிறோம்.

மேற்பார்வையும் உண்டு. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் தகவல் தொழில்நுட்ப ஆளுகை நெறிமுறை, முக்கியமான அமைப்புகளுக்குக் குறைந்தது ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேரிடர் மீட்பு ஒத்திகை நடத்த வேண்டும் என்கிறது. சில இரவுகளில் ‘பராமரிப்புப் பணி காரணமாகச் சேவை இருக்காது’ என்று வரும் அறிவிப்புகளுக்குப் பின்னால் இத்தகைய ஒத்திகையும் இருக்கலாம்.

பணம் நடுவழியில் நின்றால் செய்ய வேண்டியவை

• உடனே மறுமுறை செலுத்த வேண்டாம். முதல் பரிவர்த்தனை தாமதமாக நிறைவேறினால் பணம் இருமுறை போய்விடும். அவசரமெனில் பெறுபவரிடம் நிலையைச் சொல்லி, ரொக்கமாகவோ வேறு வழியிலோ தருவதைப் பற்றிப் பேசுங்கள்.

• செயலியின் பரிவர்த்தனை வரலாற்றில் காணும் 12 இலக்கக் குறிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த ஏட்டில் தேடினாலும் உங்கள் பரிவர்த்தனையை அடையாளம் காட்டுவது அந்த எண்ணே.

• ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கையின்படி, யு.பி.ஐ.யில் ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பிய பணம் வரவாகாவிட்டால், பரிவர்த்தனை நாளுக்கு அடுத்த நாளுக்குள் அது திரும்ப வேண்டும். வணிகருக்குச் செலுத்தியதாயின் ஐந்து நாள் கெடு. ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தாலும் ஐந்து நாள்தான். கெடு தாண்டினால், நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் இழப்பீடு பெற உங்களுக்கு உரிமை உண்டு. அதற்காக நீங்கள் புகார் அளித்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

• சேவை தடைப்படும் நாள்களில்தான் மோசடிக்காரர்களும் சுறுசுறுப்பாவார்கள். நின்றுபோன பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லி வரும் இணைப்புகளைத் திறக்காதீர்கள். பணத்தைப் பெறுவதற்கு எப்போதும் யு.பி.ஐ. பின் எண் தேவையில்லை.

• செயலியிலோ கிளையிலோ அளித்த புகாருக்கு 30 நாளில் விடை வராவிட்டாலும், வந்த விடை நிறைவளிக்காவிட்டாலும், 2021 நவம்பர் 12 அன்று தொடங்கப்பட்ட ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தை அணுகலாம். விவரங்களுக்கு 14448 என்ற எண் உள்ளது.

கணினிகள் பழுதாகும், இணைப்புகள் அறும், மனிதர் கைதவறுவதும் உண்டு. இவற்றை அறவே இல்லாமல் செய்துவிட்டதாக எந்த வங்கியும் சொல்ல இயலாது. பழுதை வாடிக்கையாளருக்கு முன்பே வங்கி காண வேண்டும், ஏடுகள் ஒத்துப்போகும் வரை எந்தப் பதிவையும் இழக்கக் கூடாது, கெடுவுக்குள் பணத்தை உரியவரிடம் சேர்க்க வேண்டும் என்பவையே நாம் ஏற்றுக்கொள்ளக்கூடிய வாக்குறுதிகள். அந்த வாக்குறுதிகள் காக்கப்படுகின்றனவா என்று பார்க்கும் கண்களில் வாடிக்கையாளரின் கண்ணும் ஒன்றாக இருக்கட்டும்.