பங்குனியில் கோடியக்கரை

தமிழகக் கடற்கரையில் பறவை பார்ப்பதற்கு மார்கழியும் தையும்தான் உகந்தவை என்ற எண்ணம் பரவலாக வேரூன்றியிருக்கிறது. வலசை வந்த பறவைகளின் எண்ணிக்கை அப்போது மிகுந்திருப்பது உண்மையே எனினும், அவற்றின் வாழ்வைப் புரிந்துகொள்ள விரும்புவோர் தேர்ந்தெடுக்க வேண்டிய காலம் பங்குனியும் சித்திரையுமே ஆகும்; ஏனெனில், வடக்கே பல்லாயிரம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள இனப்பெருக்க நிலங்களுக்குத் திரும்புவதற்காகப் பறவைகள் தம் உடலையே மாற்றியமைத்துக்கொள்வதை இம்மாதங்களில்தான் கண்ணால் காண முடிகிறது. அதற்கு நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடியக்கரையைவிடப் பொருத்தமான இடம் தமிழகத்தில் இல்லை. தெற்கு நோக்கி வரும் சோழமண்டலக் கரை மேற்கே பாக் நீரிணைப் பக்கம் திரும்பும் இம்முனையில் காடும் சேற்றுவெளியும் உப்பளமும் கடலும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. 1967இல் சரணாலயமான இப்பகுதி, 2002இல் தமிழகத்தின் முதல் ராம்சர் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது.

விடியற்பொழுது காட்டுக்கு உரியது. உலக்கைப்பாலை மரங்கள் நிறைந்த, குறைந்த மழையிலும் பசுமை மாறாத இந்த உலர்காட்டில், இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் பனிக்காலத்தைக் கழித்துவிட்டு வடக்கே செல்லும் ஆறுமணிக்குருவி இலைச் சருகுகளைக் கிளறி இரை தேடுகிறது. உகா மரங்களின் சிறு கனிகளை உண்ணும் சூறைக்குருவிகள், இளஞ்சிவப்பும் கருமையுமான முழு நிறம் பெற்று மத்திய ஆசியாவுக்குப் புறப்படும் நிலையில் இருக்கின்றன.

வெயில் ஏறுமுன் சேற்றுவெளிக்குச் சென்றுவிட வேண்டும். நீரோரச் சேற்றில் நடந்து புழுக்களையும் சிற்றுயிர்களையும் கொத்தியுண்ணும் உள்ளான், உப்புக்கொத்தி, மூக்கன் முதலியவற்றைக் கரைப்பறவைகள் என்பர். தை மாதத்தில் இவற்றில் பெரும்பாலானவை ஒரே சாம்பல் நிறமாகத் தோன்றிப் புதியவரைச் சலிப்படையச் செய்கின்றன. பங்குனியிலோ வளைமூக்கு உள்ளானின் மார்பு செங்கல் நிறமாகிறது. மங்கோலிய உப்புக்கொத்தி செம்பழுப்பு மார்புப் பட்டையும் கரிய முகமூடியும் பெறுகிறது. சாம்பல் உப்புக்கொத்தி முகத்திலிருந்து வயிறு வரை கருக்கிறது. இறகுதிர்ப்பு, அதாவது பழைய இறகுகள் விழுந்து புதியவை முளைத்தல், எல்லாப் பறவைகளிலும் ஒரே வேகத்தில் நிகழாததால், திட்டுத்திட்டாக நிறம் மாறிய பறவைகள் ஒரே கூட்டத்தில் அருகருகே நிற்கின்றன. பறவை நூல்களின் படங்களில் இடம்பெறாத இந்த இடைநிலைத் தோற்றங்களே கூர்ந்து நோக்கும் கண்ணைப் பழக்குகின்றன.

புறப்படும் நாளைப் பறவைகள் எவ்வாறு அறிகின்றன என்பது வியப்புக்குரிய கேள்வி. வடதுருவத்தை ஒட்டிய நாடுகளில் பகல் நீள்வது தெளிவான அறிகுறியாகும். நிலநடுக்கோட்டுக்கு அண்மையிலுள்ள கோடியக்கரையிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 70 நிமிடங்களே. இத்தகைய இடங்களில், பறவையின் உடலுக்குள்ளேயே ஓடும் ஆண்டுச் சுழற்சிக் கடிகாரம் பெரும்பங்கு வகிக்கிறது. அதன் தூண்டுதலால் பறவை இடைவிடாது உண்டு, கொழுப்பைத் தோலுக்கடியில் சேர்க்கிறது. சில இனங்களில் எடை ஏறக்குறைய இரட்டிப்பாவதோடு, பறப்புத் தசைகள் பெருத்து, பயணத்தில் பயன்படாத இரைப்பையும் குடலும் சுருங்குகின்றன. சைபீரியத் துந்திராவில், அதாவது மரமற்ற உறைநிலத்தில், பனி உருகும் ஜூன் மாதத்தில் வளைமூக்கு உள்ளான் அங்கு இருந்தாக வேண்டும். பிந்தினால், குஞ்சுகள் வளர்வதற்குள் அங்கே கோடை முடிந்துவிடும். ஆகவே, அருகில் சென்று படமெடுக்கும் ஆவலில் ஒரு கூட்டத்தைத் திரும்பத் திரும்பக் கிளப்பிவிடுவது, அப்பறவைகள் நாள் முழுதும் சேர்த்த கொழுப்பைப் பறிப்பதற்கு ஒப்பாகும்.

நண்பகலில் கானல் பார்வையை மறைக்கிறது. எனினும், 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த வேதாரண்யத்து உப்பளப் பரப்பில் அப்போதும் காண்பதற்குப் பறவைகள் உண்டு. வலசை செல்லாது தென்னிந்தியக் கரையிலும் இலங்கையிலும் இனப்பெருக்கம் செய்யும் சிறிய உப்புக்கொத்தி ஒன்று, நெடுங்காலம் கெண்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு பிரிவாகவே கருதப்பட்டது. 2023இல் வெளியான ஆய்வு அதனைத் தனி இனமாக நிறுவியதை அடுத்து, இலங்கைக்குப் பாலம் அமைத்த கதையை நினைவுகூர்ந்து, அதற்கு அனுமன் உப்புக்கொத்தி என்ற பெயர் வழங்குகிறது. வெறுந்தரையில் முட்டையிடும் பறவை இது என்பதால், உப்பள வரப்புகளில் நடப்போர் ஒவ்வோர் அடியையும் பார்த்து வைத்தல் அவசியம்.

மாலையில், கதிரவன் சாயும் வேளையில், சில கூட்டங்கள் உரத்துக் குரலெழுப்பியபடி மேலே சுழன்றேறி, வழக்கம்போல் அடுத்த சேற்றுத்திட்டில் இறங்காமல் வடக்கு நோக்கி அணிவகுத்து விலகுகின்றன. வலசை தொடங்கிவிட்டதற்கு அதுவே அடையாளம். எல்லாப் பறவைகளும் இவ்வாறு செல்வதில்லை. கரைப்பறவை இனங்கள் பலவற்றில், முந்தைய ஆண்டு பிறந்தவற்றுள் கணிசமானவை இனப்பெருக்கத்திற்கு இன்னும் ஆயத்தமாகாததால் கோடை முழுவதும் இங்கேயே தங்கிவிடுகின்றன. எனவே, வைகாசியில் சேற்றுவெளியில் சாம்பல் நிறத்துடன் நிற்கும் உள்ளானைக் காண்போர், அது நோயுற்றது என்றோ வழிதவறியது என்றோ கருதிப் பிடிக்க முயலாமல், அதன் போக்கில் விட்டுவிட வேண்டும்.