மெடிக்கல் கார்டு கிளேம் நிராகரிக்கப்பட்டதா? அடுத்து என்ன செய்யலாம்?

மாதம் தவறாமல் பிரிமியம் கட்டுகிறீர்கள். ஒரு நாள் அம்மாவைத் தனியார் மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை. கவுண்டரில் இருப்பவர், "கார்டு அப்ரூவ் ஆகலைங்க, டெபாசிட் கட்டணும்" என்கிறார். சேமிப்பை எடுத்துக் கட்டுகிறீர்கள். சில வாரங்கள் கழித்துக் காப்புறுதி நிறுவனத்திடமிருந்து ஒரு பக்கக் கடிதம் வருகிறது: உங்கள் கிளேம் நிராகரிக்கப்பட்டது.

"சரி, அவ்வளவுதான்" என்று விட்டுவிடாதீங்க. அந்தக் கடிதம் நிறுவனத்தின் முடிவு மட்டுமே. அதை எதிர்த்து முறையிட மலேசியாவில் கட்டணமில்லாத வழி இருக்கிறது. ஆனால் அதற்குக் கெடு உண்டு. கோபமாக எழுதுவதைவிட, அவர்கள் சொன்ன காரணத்துக்கு நேராகப் பதில் சொல்வதே பலன் தரும்.

ஜி.எல். மறுப்பும் கிளேம் நிராகரிப்பும் ஒன்றா?

இல்லை. ஜி.எல். என்பது உத்தரவாதக் கடிதம். "இவருடைய பில்லை நாங்கள் கட்டுகிறோம்" என்று காப்புறுதி நிறுவனம் மருத்துவமனைக்குத் தரும் உறுதி. நோய்க்கான காரணம் இன்னும் தெரியவில்லை, கூடுதல் மருத்துவக் குறிப்பு வேண்டும் என்பதற்காகவும் அது மறுக்கப்படலாம்.

அப்படி நடந்தால், முதலில் பில்லைக் கட்டிவிட்டு, பிறகு பணத்தைத் திரும்பக் கேட்டு கிளேம் செய்யலாம். அசல் ரசீது, விவரமான பில், டிஸ்சார்ஜ் குறிப்பு, பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்பது உங்கள் பாலிசியிலேயே இருக்கும்.

எந்தக் காரணம் சொல்லியிருக்கிறார்கள்?

முதல் வேலை, காரணத்தை எழுத்தில் வாங்குவது. முகவர் போனில் சொன்னது போதாது. பாலிசியின் எந்த விதியின்படி நிராகரித்தார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் காரணம் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும்.

ஒன்று, காத்திருப்புக் காலம். பாலிசி தொடங்கி முதல் 30 நாள்களுக்கு விபத்தைத் தவிர மற்றவற்றுக்குப் பாதுகாப்பு இருக்காது. நீரிழிவு, ரத்த அழுத்தம், இதய நோய், கட்டிகள், புற்றுநோய், சிறுநீரக மற்றும் பித்தப்பைக் கற்கள், மூலம் போன்ற குறிப்பிட்ட நோய்களுக்கு வழக்கமாக 120 நாள்கள்.

இரண்டு, முன்பே இருந்த நோய். பாலிசி எடுக்கும் முன்பே அந்த நோய் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை. சிகிச்சை பெற்றிருப்பது, மருத்துவர் சொல்லியிருப்பது, தெளிவான அறிகுறி இருந்திருப்பது எல்லாம் அதில் அடங்கும். உடலுக்குள் யாருக்கும் தெரியாமல் இருந்த ஒன்றை மட்டும் வைத்து, "உங்களுக்குத் தெரியும்" என்று சொல்ல முடியாது.

மூன்று, விண்ணப்பத்தில் உண்மையைச் சொல்லவில்லை என்பது. 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணைப்படி, நிறுவனம் கேட்கும் கேள்விகளுக்கு நியாயமான கவனத்தோடு பதில் சொல்வது பயனீட்டாளரின் கடமை. ஆனால் வேண்டுமென்றே மறைப்பதையும், கவனக்குறைவாகவோ தெரியாமலோ தவறிச் சொல்வதையும் சட்டம் ஒன்றாகப் பார்ப்பதில்லை. இரண்டாவது வகையில், உண்மை தெரிந்திருந்தால் நிறுவனம் என்ன செய்திருக்கும் என்பதும் கணக்கில் வரும். அதனால் நீங்கள் கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். என்ன கேள்வி கேட்டார்கள், என்ன பதில் எழுதப்பட்டது, அதை யார் எழுதினார் என்று பாருங்கள்.

நான்கு, மருத்துவமனையில் தங்க அவசியமில்லை என்பது. பரிசோதனைக்காக மட்டும் வார்டில் சேர்ந்ததாக நிறுவனம் கருதினால் இந்தக் காரணம் வரும்.

ஒரு வரி எப்படிப் பிரச்சினை ஆகிறது?

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. ஒருவருடைய பாலிசி பிப்ரவரி 1ஆம் தேதி தொடங்குகிறது. ஜூலை நடுவில் பித்தப்பைக் கல்லுக்கு அறுவை சிகிச்சை. 120 நாள்கள் மே மாத இறுதியிலேயே முடிந்துவிட்டன. ஆனாலும் கிளேம் நிராகரிக்கப்படுகிறது. காரணம், மருத்துவர் நிரப்பிய படிவத்தில் இருக்கும் ஒரு வரி: "வயிற்று வலி, 6 மாதமாக." ஆறு மாதம் பின்னால் போனால் ஜனவரி. அதாவது, பாலிசிக்கு முன்பே நோய் இருந்தது என்று நிறுவனம் எடுத்துக்கொள்கிறது.

ஆனால் ஜனவரியில் வந்தது வெறும் கேஸ்ட்ரிக் வலியாக இருந்தால்? பித்தப்பை வலி ஜூலையில்தான் தொடங்கியது என்றால்? அதைத் தெளிவுபடுத்த வேண்டியவர் மருத்துவர். அவரிடமிருந்து ஒரு கடிதம் வாங்குவதே இங்கே மேல்முறையீட்டின் உயிர். இதற்கு மருத்துவமனை கட்டணம் கேட்கலாம். ஆனால் நடந்ததை மட்டுமே எழுதச் சொல்லுங்கள். பதிவை மாற்றச் சொல்லிக் கேட்பது உங்களுக்கே ஆபத்து.

முறையீட்டுக் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

ஒவ்வொரு காப்புறுதி, தக்காஃபுல் நிறுவனத்திலும் புகார்களைக் கவனிக்கத் தனிப் பிரிவு உண்டு. முகவர் வழியாக அல்லாமல் நேரடியாக அங்கேயே மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒரு பக்கம் போதும்:

- பாலிசி எண், கிளேம் எண், மருத்துவமனையில் இருந்த தேதிகள்
- அவர்கள் சொன்ன காரணம், அப்படியே
- அது ஏன் சரியில்லை என்று இரண்டு மூன்று வரிகள்
- மருத்துவரின் கடிதம், பரிசோதனை முடிவு போன்ற ஆதாரங்கள்
- நீங்கள் கேட்கும் தொகை
- இறுதி முடிவை எழுத்துபூர்வமாகத் தரும்படி ஒரு வேண்டுகோள்

அந்தக் கடைசி வரியை மறக்காதீங்க. அடுத்த கட்டத்துக்கான கெடு அந்த இறுதி முடிவிலிருந்துதான் தொடங்கும்.

அப்போதும் "முடியாது" என்றால்?

அடுத்த கதவு எஃப்.எம்.ஓ.எஸ். எனப்படும் ஃபைனான்சியல் மார்க்கெட்ஸ் ஓம்புட்ஸ்மன் சர்வீஸ். முன்பு தனித்தனியாக இருந்த ஓ.எஃப்.எஸ்., சிட்ரெக் என்ற இரண்டு அமைப்புகளை இணைத்து, 2025 ஜனவரி 1 முதல் இது செயல்படுகிறது. தனிநபர்களுக்குக் கட்டணம் இல்லை. வக்கீலும் தேவையில்லை. காப்புறுதி கிளேம் என்றால் 250,000 ரிங்கிட் வரையிலான சர்ச்சைகளைப் பார்ப்பார்கள்.

நிறுவனத்தின் இறுதி முடிவு வந்த 6 மாதத்துக்குள் புகார் செய்ய வேண்டும். நீங்கள் முறையிட்டு 60 நாள் ஆகியும் பதிலே வரவில்லை என்றாலும் போகலாம். முகவரோடு வாட்ஸ்அப்பில் "பார்க்கிறேன், பேசுகிறேன்" என்று ஓடும் நாள்களும் அந்த 6 மாதத்தில் கழிந்துகொண்டேதான் இருக்கும்.

முதலில் இரு தரப்பையும் சமரசத்துக்குக் கொண்டுவர முயல்வார்கள். அது நடக்காவிட்டால் ஓம்புட்ஸ்மன் முடிவு சொல்வார். அந்த முடிவை நீங்கள் ஏற்றுக்கொண்டால் அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உங்களுக்குத் திருப்தி இல்லை என்றால் ஏற்காமல் நீதிமன்றம் போகலாம். ஆனால் வரிசை முக்கியம். ஏற்கெனவே நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கை எஃப்.எம்.ஓ.எஸ். எடுத்துக்கொள்ளாது.

நிறுவனம் உங்களை நடத்திய விதம் பற்றிய புகார் என்றால் பேங்க் நெகாராவின் பி.என்.எம்.லிங்க் சேவையை அணுகலாம்.

எல்லா முறையீடும் ஜெயிக்குமா?

இல்லை. நோய் உண்மையிலேயே காத்திருப்புக் காலத்தில் வந்திருந்தால், அல்லது பாலிசியில் தெளிவாக விலக்கப்பட்ட சிகிச்சை என்றால், முடிவு மாறுவது கடினம். பில்லில் ஒரு பகுதியை மட்டும் கட்டியிருந்தால், அது உங்கள் பாலிசியில் உள்ள கோ-பேமெண்டாக இருக்கலாம். முதலில் அதைச் சரிபாருங்கள்.

வீட்டில் அம்மா அப்பாவுக்கு மெடிக்கல் கார்டு இருந்தால், பாலிசி ஆவணம் எங்கே இருக்கிறது என்று இந்த வாரமே கேட்டுப் பாருங்கள். பலருடைய வீட்டில் கார்டு பர்ஸில் இருக்கும், ஆவணம் எந்த அலமாரியில் என்று யாருக்கும் தெரியாது. பாலிசி தொடங்கிய தேதி, விலக்குகள் உள்ள பக்கம், விண்ணப்பத்தின் நகல் ஆகிய மூன்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். தேவைப்படும் நாளில் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.