வலப்பக்க வலி எல்லாம் குடல்வால் நோயன்று

வலப்பக்க அடிவயிற்றில் வலி கண்டால் குடல்வால் அழற்சி என்று முடிவு கட்டுவதும், இடப்பக்கம் வலித்தால் வாயுத் தொல்லை என்று ஓமநீர் குடித்துப் படுத்துவிடுவதும் நம்மிடையே உள்ள வழக்கம். இவ்விரு எண்ணங்களையும் பொய்யாக்கக்கூடிய நோய் ஒன்று உண்டு. அதுவே பெருங்குடற்பை அழற்சி.

பெருங்குடலின் சுவரை இரத்தக் குழாய்கள் துளைத்துச் செல்லும் இடங்கள் சற்று வலுவற்றவை. நைந்த சைக்கிள் டியூப்பில் காற்றடித்தால், தேய்ந்த இடம் மட்டும் புடைத்து நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். அதுபோலவே உள்ளழுத்தத்தால் குடலின் உட்தோல் சிறு பைகளாகப் பிதுங்குகிறது. பை இருப்பது மட்டும் நோயாகாது. பலர் அதனை அறியாமலே வாழ்ந்து முடிக்கின்றனர். அப்பை அழற்சியுறும்போதுதான் வலியும் காய்ச்சலும் தோன்றுகின்றன.

மேலைநாட்டினருக்கு இப்பைகள் பெரும்பாலும் இடப்பக்கத்தில் உண்டாகின்றன. அங்கே குடல் ஒடுங்கியது, மலமும் இறுகியது. ஆகவே அழுத்தம் மிகுதி. நார்ச்சத்துக் குறைந்த உணவே இதற்குக் காரணம் என்று பெயின்டர், பர்க்கிட் என்னும் மருத்துவர்கள் 1971ஆம் ஆண்டில் எழுதினர். ஆனால் மலேசியா உள்ளிட்ட கிழக்காசிய, தென்கிழக்காசிய நாடுகளில் வலப்பக்கப் பைகளே மிகுதி. அகன்று, மலம் இளகியிருக்கும் அப்பகுதியில் இவை தோன்றுவதற்கு உணவை மட்டும் காரணமாகச் சொல்ல இயலாது. பிறவிக்கூறுக்கும் இதில் பங்குண்டு என்று கருதப்படுகிறது.

வலப்பக்க அழற்சி ஓரளவு இளம் வயதினரையே நாடுகிறது. கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ வேலை பார்க்கும் முப்பது, நாற்பது வயது மகனுக்கு வரும் வலி, குடல்வால் வலியைப் போலவே இருக்கும். முற்காலத்தில் வயிற்றைத் திறந்த பின்னரே பலருக்கு உண்மை தெரிந்தது. இன்று கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை, கோலாலம்பூர் மருத்துவமனை போன்றவற்றில் சி.டி. ஸ்கேன் வழி இரண்டையும் பிரித்தறிகின்றனர். பெரும்பாலோருக்கு ஓய்வும் மருந்துமே போதும்; கத்தி வேண்டியதில்லை. மீண்டும் வருவதும் குறைவு. எனினும் வலப்பக்கப் பைகளில் இரத்தக் கசிவு ஏற்படும் வாய்ப்பு அதிகம்.

இடப்பக்க அழற்சியோ முதியவர்களை மிகுதியாகத் தாக்குகிறது. சீழ்க்கட்டி, குடலில் ஓட்டை, சிறுநீர்ப்பையோடு தவறான இணைப்பு ஆகிய கேடுகள் இதில்தான் அதிகம். வாயு என்று ஒதுக்கிய தாத்தாவின் இடப்பக்க வலியே பேரனின் வலியைவிட ஆபத்தானதாக இருக்கக்கூடும்.

எப்பக்கமாயினும், கடும் வயிற்றுவலிக்கு விளக்கெண்ணெய் கொடுப்பதும் வயிற்றை உருவிவிடுவதும் தகாது. விடாத வலியோடு காய்ச்சல், வாந்தி, வயிறு கல்லாக இறுகுதல் இருந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். முன்பு இந்நோய் கண்டவர் அதனை மருத்துவரிடம் முதலிலேயே கூறிவிடுவது நலம். தேவையற்ற அறுவையைத் தவிர்க்க அது உதவும்.

குணமான பின் கீரை, பயறு, காய்கறிகளைத் தாராளமாக உண்ணலாம். கொய்யா விதையும் கச்சானும் பையில் சிக்கிக்கொள்ளும் என்று பலர் அஞ்சுவர். மருத்துவர்களே ஒரு காலத்தில் அவற்றைத் தடுத்தனர். 47,000க்கும் மேற்பட்ட அமெரிக்க ஆடவரிடம் பல்லாண்டுகள் நடத்தி 2008இல் வெளியிடப்பட்ட ஆய்வு, கொட்டைகளும் சோளப்பொரியும் இந்நோயை மிகுவிப்பதில்லை என்று கண்டது.